வெர்னெல் தப்பாகப் பாடிய பாட்டு

மார்வா முடி சுருட்டும் இரும்பை ஈரத்துணியில் ஒற்றிப் பார்த்தாள். ஸ்ஸ் என்றது. சூடு போதும். அம்மாவின் நெற்றிக்கு மேலிருந்து ஒரு கொத்து முடியை எடுத்துச் சுற்றியவள், பழக்கதோஷத்தில், “காது பக்கம் வர்றேன், ஆடாம இருங்கம்மா” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

எதிர்ப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அம்மாவின் நகங்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த மிஸ் ஐடா பேர்ல் தலையைத் தூக்கவில்லை.

“பரவால்ல. இன்னைக்கு ஒரு நாளாவது சொன்ன பேச்சைக் கேக்குறா.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். டில்லிஸ் ஈமச்சடங்கு இல்லத்தின் பின்னறையில் இப்படிச் சிரிக்கலாமா என்று மார்வாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு ஆட்சேபணை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அம்மா, வெர்னெல் கெய்தர், திங்கட்கிழமை காலை தன் அடுப்படியில், அவரைக்காய் வெந்துகொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தாள். பக்கத்து வீட்டார் தீய்ந்த வாடை பிடித்து ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அறுபத்தைந்து வயது. ஹாலோவே பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவள். ஐடா பேர்லும் அதே சமையலறைதான். ஒருத்தி ரொட்டி சுட்டால் மற்றவள் குழம்பு ஊற்றுவாள்.

இந்தத் தலையை மார்வாவின் கைகளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தெரு தள்ளி அவளுடைய முடி அலங்காரக் கடை. இருபது வருஷமாக, ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, அம்மா அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். யாருக்குக் கால் வீக்கம், சர்ச் நிர்வாகம் பார்க்கும் எந்த டீக்கனுக்கு யார் மேல் கண், யார் வீட்டுக் கேக் உள்ளே வேகவில்லை, எல்லாம் அந்த நாற்காலியிலிருந்துதான் ஊருக்குள் போகும். அம்மாவின் மனதில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் மார்வா நினைத்திருந்தாள்.

முன்னறையில் டில்லிஸின் ஆள் யாரோ வானொலியைத் திருகினார்கள். பழைய பாட்டுகள் போடும் அலைவரிசை. ட்ரம்பெட் ஒரு துள்ளல் துள்ளியது. ஜார்ஜியாவில் அந்தத் துள்ளலைக் கேட்டவுடன் கால் அசையாத ஆள் கிடையாது. ஹாலோவேயில் இன்னும் விசேஷம். பாடியவன் இந்த ஊர்க்காரன், ரேஃபர்ட் டீல். அவன் செத்து வருஷங்களாகியும் நெடுஞ்சாலை ஓரத்தில் அவன் பெயரெழுதிய பலகை நிற்கிறது.

“கதவு திறந்துதான் கெடக்கு, நீ ஏன் வரமாட்டே?” என்று ரேஃபர்ட் கெஞ்சினான். “விடிஞ்சுதான் போச்சு, நீ ஏன் வரமாட்டே?”

ஐடா பேர்ல் வெர்னெலின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, தன் பாட்டுக்கு முணுமுணுத்தாள்.

“கதவு திறந்துதான் கெடக்கு, நான் வரமாட்டேன்… விடிஞ்சுதான் போச்சு, நான் வரமாட்டேன்…”

மார்வாவின் கை நின்றது. முடி கருகும் முன் இரும்பை வெளியே இழுத்தாள்.

“மிஸ் ஐடா, இப்ப என்ன பாடுனீங்க?”

“ரேடியோ பாடுனதைத்தான்.”

“ரேடியோ ‘நீ ஏன் வரமாட்டே’ன்னு பாடுது. நீங்க ‘நான் வரமாட்டேன்’னு பாடுனீங்க.”

“வயசாச்சும்மா. வார்த்தை தடுமாறுது.”

“அம்மாவும் இப்படித்தான் பாடுவாங்க. பாத்திரம் கழுவும்போது, காருல போகும்போது, எப்பவும். ‘அம்மா, அவன் பொண்ணைக் கூப்பிடுறான், நீங்க அவன் கேக்குறதைப் பாடணும், பொண்ணோட பதிலைப் பாடுறீங்களே’ன்னு நானும் தம்பி லின்வுட்டும் கிண்டல் பண்ணுவோம். ‘எனக்கு இப்படித்தான் வரும்’னு சொல்லிருவாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல ஒரே தப்பு எப்படி வரும்?”

“நீ சின்னப்புள்ளையிலயே இப்படித்தான். முட்டைக்குள்ள கோழி எந்த வழியாப் போச்சுன்னு கேட்டுக் கேட்டு உங்கம்மா உயிரை வாங்குவே.”

“பேச்சை மாத்தாதீங்க.”

ஐடா பேர்ல் சாயத் தூரிகையைக் குப்பியில் செருகினாள். வெர்னெலின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வெர்னெல், உன் பொண்ணு கேக்குறா. சொல்லட்டுமா?”

நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள். முன்னறையில் பாட்டு முடிந்து சோப்பு விளம்பரம் வந்தது.

“வேணாம்னு சொல்லல” என்றாள். “நீயே சாட்சி.”

மார்வா இரும்பின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டாள்.

“நாங்க நூலகத்துக்குப் போனோம். உங்கம்மாவுக்குப் பதினாலு வயசு, எனக்குப் பதினஞ்சு. வெள்ளைக்காரங்க நூலகம், கறுப்பருங்க கால் வைக்கக் கூடாது. உள்ள போய், ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு மேசையில உக்காந்தோம். அவ்வளவுதான் பண்ணோம். நான் எடுத்தது குதிரை வளர்க்கிறதைப் பத்தின புத்தகம். நாலு வரி படிச்சிருப்பேன், ஷெரிஃப் வந்துட்டான்.”

“ஜெயில்லயா போட்டாங்க?”

“ஜெயில் நிறைஞ்சு போச்சு. அந்தக் கோடையில போராட்டம் பண்ணி ஊர்ல பாதிப்பேரு உள்ளதான். பொண்ணுங்களை எல்லாம் பொருட்காட்சி மைதானத்துல மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோனான். மாடு வர்றதுக்கு இன்னும் நாள் இருந்துச்சு, நாங்க முந்திக்கிட்டோம்.” சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தினாள். “ஒரு மாசத்துக்கு மேல.”

பொருட்காட்சிக்கு ஒவ்வொரு வருஷமும் அம்மா மார்வாவையும் லின்வுட்டையும் கூட்டிப்போவாள். ராட்டினம், சோளக்கதிர், பஞ்சுமிட்டாய். மாடு பார்க்கப் போகும்போது மட்டும் “நீங்க போயிட்டு வாங்க, எனக்குக் கால் வலிக்குது” என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள்.

“உங்க தாத்தா மரமில்லுல வேலை பார்த்தாரு. அந்த மில்லு ஷெரிஃப்போட அண்ணனோடது. போய்க் கெஞ்சியிருக்காரு. ‘சரி, உன் பொண்ணை மட்டும் கூட்டிட்டுப் போ’ன்னு அண்ணன் சொல்லி அனுப்பிட்டான். ஒருநாள் விடியக்காலம் கதவைத் திறந்துக்கிட்டு ஷெரிஃப் நிக்கிறான். ‘வெர்னெல், உங்கப்பன் வண்டியோட வந்திருக்கான், கிளம்பு’ங்கிறான். உங்கம்மா மூலையில உக்காந்திருக்கா. எந்திரிக்கல.”

“என்ன சொன்னாங்க?”

“‘நான் வரமாட்டேன்.’ அவ்வளவுதான். அவனுக்குப் புரியல. கதவு திறந்துதான இருக்கு, ஏன் வரமாட்டேங்கிறே? அதட்டுனான். அப்புறம் இறங்கி வந்தான். அண்ணனுக்குச் சொல் குடுத்துட்டான், வாசல்ல அப்பன் நிக்கிறான், இந்தப் பொடிசு மாட்டேங்குது. ‘விடிஞ்சு போச்சு பாரு, ஏன் வரமாட்டே, ஏன் வரமாட்டே’ன்னு கதவைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தான். உங்கம்மா எங்களை எல்லாம் ஒரு தடவை சுத்திப் பார்த்தா. ‘இவங்க இருக்காங்களே, நான் வரமாட்டேன்’னா.”

“தாத்தா?”

“வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு. மறுநாள் ஒரு பெரிய டப்பா நிறைய வறுத்த கோழி கொண்டாந்து வேலிக்கு மேல குடுத்தாரு. அவளுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் போதுற மாதிரி.” ஐடா பேர்ல் துணியால் குப்பியின் வாயைத் துடைத்தாள். “அதுக்கப்புறம் அவர் மில்லுக்குப் போகல. போகவிடல.”

தாத்தா ரயில்நிலையத்தில் மூட்டை சுமந்தவர் என்றுதான் மார்வாவுக்குத் தெரியும். எப்போதிலிருந்து சுமந்தார் என்று அவள் கேட்டதே இல்லை.

“அன்னைக்குச் சாயங்காலம் தகரச் சுவத்துல யாரோ தாளம் போட்டாங்க. ஷெரிஃப் குரல்ல ஒருத்தி கேப்பா, நாங்க எல்லாரும் பதில் சொல்லுவோம். அப்படி வந்த பாட்டு. ரேஃபர்ட் அப்போ மீசை முளைக்காத பய. சர்ச்சுல இருந்து எங்களுக்குச் சாப்பாடு கொண்டாருவான். வேலிக்கு வெளிய நின்னு கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டான்.”

“அப்ப அவன் திருடிட்டானா?”

“யாரு, ரேஃபர்ட்டா?” ஐடா பேர்லுக்குக் கோபமே வந்துவிட்டது. “அவன் உங்கம்மாகிட்ட வந்து கேட்டான். ‘இதை மெம்ஃபிஸ்ல போய் ரெக்கார்டுக்குப் பாடப்போறேன், ஆனா ஜெயில் பாட்டை எந்த ரேடியோவும் போடமாட்டான், என்ன பண்ணட்டும்’னான். உங்கம்மா சொன்ன யோசனைதான்: ‘நாம சொன்னதை விட்டுடு. அவன் கேட்டதை மட்டும் பாடு. கதவைப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சுனான்ல, அதைப் பாடு. எவளோ ஒருத்தியைக் காதலிச்சுக் கெஞ்சுறான்னு நெனைச்சுக்குவாங்க.’”

மார்வா சுவரில் சாய்ந்துகொண்டாள். தெற்கு முழுக்க, அமெரிக்கா முழுக்க, இத்தனை வருஷமாக எத்தனை கல்யாணங்களில், எத்தனை கார்களில், எத்தனை பேர் ஒரு ஷெரிஃப்பின் குரலில் கெஞ்சியிருக்கிறார்கள் என்று யோசித்தாள். அடுப்படியில் நின்று ஒரே ஒருத்தி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவர்கள் தப்பு என்றார்கள்.

“இன்னொண்ணு கேளு” என்றாள் ஐடா பேர்ல். அவளுக்கே இப்போது உற்சாகம் தொற்றிக்கொண்டது. “அதே ஷெரிஃப் மகளுக்குக் கல்யாணம். கிளப்புல விருந்து. பரிமாற நாங்க ரெண்டு பேரும் போயிருந்தோம், வெள்ளை ஏப்ரன் கட்டிக்கிட்டு. பேண்டு வாசிச்ச வெள்ளைக்காரப் பசங்க இந்தப் பாட்டை எடுத்தானுங்க. ஷெரிஃப் எந்திரிச்சு மகளைக் கூட்டிக்கிட்டு நடுவுல வந்து ஆடுறான். ஆடுறது மட்டுமா? வாயைத் திறந்து பாடுறான். ‘நீ ஏன் வரமாட்டே, நீ ஏன் வரமாட்டே…’ உங்கம்மா கையில இறால் தட்டு. சமையல்கட்டுக்குள்ள எப்படி வந்து சேர்ந்தாள்னு தெரியல. மாவு மூட்டை மேல விழுந்து சிரிச்சோம். மூச்சு முட்டிருச்சு. யாரும் கேக்கக் கூடாதுன்னு ஏப்ரனை வாயில அடைச்சுக்கிட்டோம். அவ மூஞ்சியெல்லாம் மாவு.”

சொல்லும்போதே அவள் உடம்பு குலுங்கியது. மார்வாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்:

“இதை ஏன் எங்ககிட்ட சொல்லல? இவ்வளவு நல்ல கதையை?”

ஐடா பேர்லின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“சிரிப்பை மட்டும் தனியா எடுத்துச் சொல்ல முடியாதும்மா. கல்யாணத்தைச் சொன்னா கொட்டகையையும் சொல்லணும். நீ விடுவியா? குடைஞ்சு குடைஞ்சு கேப்பே. அங்க…”

நிறுத்திக்கொண்டாள். வெர்னெலின் வலது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள்.

“கட்டைவிரல் பாக்கி இருக்கு. அந்த விளக்கை இப்படித் திருப்பு.”

மார்வா விளக்கைத் திருப்பினாள். கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. அவள் கேட்கவில்லை. இரும்பை மறுபடி சூடுபண்ணி, வலது காதுக்கு மேல் மிச்சமிருந்த முடியைச் சுருட்டினாள்.

*

வீட்டில் மேசை கொள்ளாமல் சாப்பாடு வந்திருந்தது. மக்ரோனி தட்டுகள், கீரை, பன்றி இறைச்சி, யார் கொண்டுவந்தது என்று தெரியாத ஏழெட்டுக் கேக்குகள். தம்பி லின்வுட் அட்லாண்டாவிலிருந்து லாரியை நேராக ஓட்டி வந்தவன், வாசற்படியில் உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவனுக்கும் அக்காவுக்கும் சரியான பேச்சு இல்லை. சர்ச்சில் ரேஃபர்ட் டீலின் இசைத்தட்டைப் போட வேண்டும், அம்மாவுக்குப் பிடித்த பாட்டு என்றான் அவன். “சாவு வீட்டுல டான்ஸ் பாட்டா, உனக்கு அறிவிருக்கா?” என்று மார்வா போனிலேயே கத்தியிருந்தாள்.

இப்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோழிக்கால் பாதியில் நின்றது.

“என் கல்யாணத்துல அந்தப் பாட்டுக்குத்தான அம்மாவும் நானும் ஆடினோம்” என்றான். “என் காதுகிட்ட ‘நான் வரமாட்டேன், நான் வரமாட்டேன்’னு பாடிக்கிட்டே ஆடுனாங்க. எப்பவும் அப்படிப் பாடுறவங்கதான்னாலும், அன்னைக்கு மருமக வந்ததுல கோவமோன்னு நெனைச்சேன் அக்கா. ரொம்ப நாளா அதை மனசுல வச்சிருந்தேன்.”

“அடப்பாவி.”

“நீ மட்டும் என்ன? இருபது வருஷம் உன் நாற்காலியில உக்காந்தாங்க. உன்கிட்டயும் சொல்லல.”

அது குத்தியது. குத்த வேண்டும் என்று அவன் சொல்லவில்லை என்பதால் இன்னும் குத்தியது. மார்வா எழுந்து அவனுக்கு இனிப்புத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் ரெவரெண்ட் குவார்ல்ஸ் ஜெபம் செய்ய வந்தார். இந்தச் சபைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆன இளைஞர். மார்வா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“ரெவரெண்ட், நாளன்னைக்கு ஒரு பாட்டு பாடணும். ‘கதவு திறந்துதான் கெடக்கு.’”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து லின்வுட் திரும்பிக்கொண்டான்.

“சிஸ்டர் மார்வா, எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும். என் கல்யாணத்துல கூடப் போட்டாங்க. ஆனா காதல் பாட்டை ஆலயத்துக்குள்ள…”

“அது காதல் பாட்டு இல்ல.”

அவர் கேட்டார். தட்டிலிருந்த கேக்கைத் தொடாமல் கடைசிவரை கேட்டார். நடுவில், “எந்த நூலகம்? இப்ப நம்ம பிள்ளைங்க வீட்டுப்பாடம் எழுதப் போற அதே நூலகமா?” என்று மட்டும் ஒருமுறை கேட்டார். பிறகு நெடுநேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“டீக்கன்களுக்கு நான் ஒவ்வொருத்தருக்காப் புரியவைக்க நாள் இல்ல. புரிஞ்சாலும், பாட்டு ஆரம்பிச்சதும் கை தட்டி ஆட எந்திரிச்சுடுவாங்க. ஆலயத்துக்குள்ள வேணாம். கல்லறையில என் வேலை முடிஞ்சதும் நான் ஒதுங்கி நிக்கிறேன். அங்க உங்க இஷ்டம்.”

*

சனிக்கிழமை வெயில் அடித்தது. ஆலயத்தில் பாடகர் குழு பாடியது, வெள்ளை உடுப்புப் பெண்கள் விசிறி கொடுத்தார்கள், லின்வுட் பேச எழுந்து இரண்டு வாக்கியத்தோடு உட்கார்ந்துவிட்டான். வெர்னெல் ஊதா நிற உடையில், நெற்றியில் ஒரு முடிகூடக் கலையாமல் இருந்தாள். “தூங்குற மாதிரியே இருக்கா” என்று பலரும் மார்வாவிடம் சொன்னார்கள். தன் கைவேலையைப் புகழ்கிறார்கள் என்று அவள் தலையாட்டினாள்.

கல்லறைத் தோட்டத்தில் பச்சைக் கூடாரத்தின் கீழ் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, பைன் மரங்களின் பக்கம், மண் மூடும் மஞ்சள் இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. அதை ஓட்டுபவன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தான். ரெவரெண்ட் குவார்ல்ஸ் கடைசி ஆமென் சொல்லிவிட்டு, சொன்னபடியே இரண்டடி பின்னால் போனார்.

முன் வரிசைக்கு நான்கு பேர் வந்தார்கள். ஐடா பேர்லை மார்வாவுக்குத் தெரியும். மற்ற மூவரையும்கூடத் தெரியும். பெர்னிஸ் தபால் நிலையத்தில் இருந்தவர், ஜோசி அவள் கடைக்கு முடி சாயத்துக்கு வருபவர், ஒடெஸ்ஸா ஞாயிறு பள்ளி ஆசிரியை. வெவ்வேறு சபைகள், வெவ்வேறு தெருக்கள். இவர்களை ஒன்றாக நிறுத்தி அவள் யோசித்ததே கிடையாது.

ஒடெஸ்ஸா தன் கைத்தடியால் நாற்காலியின் இரும்புக் காலைத் தட்டினாள். மெதுவாக. ட்ரம்பெட் இல்லை, துள்ளல் இல்லை. வெயிலில் தூரம் நடப்பவர்களின் வேகம் அது. பெர்னிஸ் ஒருத்தியாக, ஆண்குரல் போலத் தாழ்ந்த குரலில் கேட்டாள்: நீ ஏன் வரமாட்டே? மற்ற மூவரும் பதில் சொன்னார்கள். கூட்டத்தில் பாட்டைத் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. லின்வுட் தலையைக் குனிந்து, உதட்டை மட்டும் அசைத்தான்.

அதன் பிறகு வானொலியில் வராத வரிகள் வந்தன.

“கிளியோ உள்ள இருக்கா, நான் வரமாட்டேன்.”

யார் கிளியோ என்று மார்வா பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தாள். யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

“ஜோசி உள்ள இருக்கா, நான் வரமாட்டேன்.” ஜோசி இந்த வரிக்கு வாய் திறக்கவில்லை, மற்றவர்கள் தனக்காகப் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரூத்தி, மேபல், ஐடா பேர்ல். பெயர் பெயராகப் போயிற்று. மாட்டுக் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்திருந்த வரிசையில் பாடுகிறார்கள் என்பது மார்வாவுக்குப் புரிந்தது. அடுத்த பெயர் வருவதற்குள் ஐடா பேர்லின் குரல் உடைந்தது. ஒடெஸ்ஸாவின் கைத்தடி ஒரு தட்டுக்கூடத் தவறவில்லை.

“வெர்னெல் உள்ள இருக்கா, நான் வரமாட்டேன்.”

அதைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். பிறகு பாட்டு எங்கே முடிந்தது என்று தெரியாமல் நின்றது.

மிஸ்டர் டில்லிஸ் வெள்ளைக் கையுறையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். குடும்பத்தார் கார்களுக்குப் போகலாம் என்றும், சபை மண்டபத்தில் சாப்பாடு தயாராக இருக்கிறது என்றும் வழக்கமான குரலில் அறிவித்தார். ஜனங்கள் கலைந்தார்கள். கார்க் கதவுகள் திறந்து மூடின. மார்வா லின்வுட்டின் கையைப் பிடித்துக்கொண்டு புல்லின் மேல் நடந்தாள்.

பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தாள். நான்கு பேரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“அம்மாமாருங்களே” என்று டில்லிஸ் அவர்கள் முன் குனிந்து சொல்வது கேட்டது. “நீங்க கிளம்பினாத்தான் இவங்க வேலையை ஆரம்பிக்க முடியும்.”

“தெரியும்” என்றாள் ஐடா பேர்ல். கைப்பையை மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

“மண்டபத்துல எல்லாரும் காத்துட்டு இருக்காங்க.”

“இருக்கட்டும்.”

டில்லிஸ் மார்வாவைப் பார்த்தார், நீயாவது வந்து சொல் என்பது போல. மார்வா லின்வுட்டின் கையை விட்டுவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பி வந்தாள். ஜோசிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பாவாடையைச் சரிசெய்துகொண்டு அதில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பின் வரிசையில் லின்வுட்டின் கனத்துக்கு ஒரு நாற்காலி முனகியது.

டில்லிஸ் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கையுறைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பைன் மரங்களின் பக்கம் இயந்திரத்தின் உறுமல் நின்றது. ஓட்டுபவன் கீழே இறங்கி, சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தான்.